கயத்தாற்றுக் கடிதமும் வாசலில் ஒரு பேரேடும்

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபோது, அதை நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று சுற்றுவட்டாரப் பாளையக்காரர்களுக்கு உத்தரவு போயிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் பானர்மேன் அவர்களைக் கூட்டி வைத்துத்தான் விசாரணை நடத்தினார். அவர்கள் கண்ணெதிரேதான் தண்டனையும் நிறைவேறியது. ஊரறிய நடக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். மறுநாள் அவர் சென்னை அரசுக்கு நடந்ததையெல்லாம் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதம் ஊரறிய வேண்டியதாக இல்லை. தூக்கு எல்லாருக்கும் பொது, தூக்கின் காரணம் எழுதப்பட்ட காகிதம் ஒருசிலருக்கு மட்டும் என்ற அந்த ஏற்பாட்டுக்கு இப்போது 225 வயது தாண்டிவிட்டது. பழைய ஆவணங்களைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கும் இணையதளங்கள் சிலவற்றில் ஒரு கோப்பைப் பதிவிறக்கப் போனால், பெயர், மின்னஞ்சல், கைபேசி எண் கொடுத்துப் பயனராகப் பதிவு செய்துகொண்டு வரச் சொல்கின்றன. இந்தக் கோரிக்கை கணினிக்காரர்கள் கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொள்கிறோம். அதன் வேர் காகிதக் காலத்தில் இருக்கிறது. ஒரே ஒரு மூலத் தாளைக் காப்பாற்ற உருவான வழக்கம் அது. படியெடுக்கக் காசே செலவாகாத காலத்துக்கும் அப்படியே வந்து சேர்ந்துவிட்டது. சில ஆவணங்களுக்குத் தடை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தத் தடை ஆவணத்தின் தன்மையைப் பார்த்துப் போடப்பட வேண்டுமே ஒழிய, கேட்டு வருகிற ஆளைப் பார்த்துப் போடப்படலாகாது. கயத்தாற்றுக் கடிதம் போன வழியைப் பின்தொடர்ந்து போனால் இது விளங்கும்.

கிழக்கிந்தியக் கம்பெனி வாளால் ஆண்டதைவிட அதிகமாகக் காகிதத்தால் ஆண்டது. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வந்த கடிதம், அதன்மீது நடந்த ஆலோசனை, போன பதில் எல்லாம் துறைவாரியாகப் பெரிய ஏடுகளில் கையால் படியெடுக்கப்பட்டன. அவற்றின் இன்னொரு படி கப்பலேறி லண்டனில் லெடன்ஹால் தெருவிலிருந்த இந்தியா ஹவுஸுக்குப் போயிற்று. ஒரு படி கடலில் மூழ்கினாலும் இன்னொன்று பிழைக்கட்டும், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கும் இயக்குநர்களும் திருநெல்வேலிச் சீமையில் நடப்பதைத் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காகவே ஊதியம் கொடுத்து எழுத்தர்களை அமர்த்தியிருந்தார்கள். ஆவணம் பல படிகளாக இருந்தால்தான் பயன் தரும், பிழைத்தும் இருக்கும் என்பது கம்பெனிக்குத் தெரியாததல்ல. அந்தப் படிகள் எந்தக் கைகளுக்குப் போகலாம் என்பதில்தான் கண்டிப்பு. 1798இல் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை இராமநாதபுரத்துக்கு வரவழைத்ததையும், அங்கே நடந்த கைகலப்பில் லெப்டினென்ட் கிளார்க் இறந்ததையும் விசாரிக்கச் சென்னை அரசு ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு கட்டபொம்மன்மேல் குற்றமில்லை என்று கண்டது. ஜாக்சன் பதவி இழந்தார், லஷிங்டன் வந்தார். மறுவருடமே அதே பாளையக்காரர் தூக்குமேடைக்குப் போனார். இந்த இரண்டு கட்டங்களையும் பற்றிய காகிதங்கள் ஒரே நிர்வாகத்தின் ஏடுகளில்தான் இருந்தன. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வாய்த்தவர்கள், அந்த முடிவுகளை எடுத்தவர்களும் அவர்களுக்குப் பின் வந்த அதிகாரிகளும்தான்.

கரிசல் காட்டில் கதை வேறு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. கட்டபொம்மனையும் அவருடைய தம்பி ஊமைத்துரையையும் பற்றிய பாட்டும் கூத்தும் ஊர் ஊராகப் பரவின. பாடியவர் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை, கேட்டவர் பெயரை யாரும் ஏட்டில் ஏற்றவில்லை. நா. வானமாமலை பின்னாளில் திரட்டிப் பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடல் அந்த வாய்மொழி வழியே வந்ததுதான். கம்பெனியின் பக்கம் நின்ற எட்டயபுரம் அரண்மனைக்கும் தன் பக்கத்தைச் சொல்ல ஒரு நூல் இருந்தது: 1879இல் சுவாமி தீட்சிதர் எழுதி அச்சேறிய 'வம்சமணி தீபிகை'. ஆக ஒரே நிகழ்ச்சிக்குப் பாட்டு, அரண்மனைப் புத்தகம், கம்பெனிக் காகிதம் என்று மூன்று சாட்சிகள். பாட்டு தெருவில் கிடைத்தது, புத்தகம் அச்சானதால் ஓரளவு வெளியே வந்தது. மூன்றாவது சாட்சி மட்டும் பூட்டுக்குள் இருந்தது. மற்ற இரண்டையும் சரிபார்க்க உதவக்கூடியதும் அந்த மூன்றாவதுதான்.

பூட்டு திறந்த விதமும் கவனிக்க வேண்டியது. பாளையக்காரர்களுக்கு எதிரான 1801 போரில் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் தன் நினைவுக் குறிப்புகளை லண்டனில் வெளியிட்டார். அது கண்ணால் கண்டவரின் எழுத்து. காகிதங்களைப் பார்த்து எழுதியவர்கள் பிறகு வந்தார்கள். மறைபணியாளர் கேர்ன்ஸ் 1873இல் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பிஷப் கால்டுவெல் 1881இல் திருநெல்வேலி மாவட்ட வரலாற்றை எழுதினார். அதை அச்சிட்டதே சென்னை அரசு அச்சகம். பானர்மேன் எழுதியதன் பகுதிகள் பொதுவாசகர் கைக்கு வந்தது இப்படித்தான். தூக்குக்குப் போகும்போது கட்டபொம்மன் கலங்காமல் நடந்தார், தன்னைக் காட்டிக்கொடுத்தவர்கள் என்று கருதிய பாளையக்காரர்களை ஏளனமாகப் பார்த்தார், வாய்பேசாத தம்பியின் கதி என்ன ஆகுமோ என்பதுதான் அவருடைய கவலையாக இருந்தது என்றெல்லாம் இன்று மேடைக்கு மேடை சொல்லப்படுவது தூக்கிலிட்டவரே எழுதிய அறிக்கையிலிருந்து வந்தது. கட்டபொம்மனின் நிமிர்வுக்கு அவருடைய எதிரியின் கடிதத்தைவிட வலுவான சாட்சி இருக்க முடியாது. அந்தச் சாட்சி வெளியே வர முக்கால் நூற்றாண்டு ஆனது. அப்போதும் முழுசாக வரவில்லை, அனுமதி பெற்றவர் பொறுக்கி எடுத்த பகுதிகளாக வந்தது. கால்டுவெல் பொய் எழுதினார் என்று சொல்ல வரவில்லை. கம்பெனிக்குச் சாதகமில்லாதவற்றையும் மறைக்காமல் எழுதியவர் அவர். ஆனால் எதை எடுப்பது, எதை விடுவது என்பது ஒருவர் கண்ணைச் சார்ந்திருந்தது; அவர் விட்டது என்ன என்று கேட்க வேறு கண் இல்லை.

1909இல் எழும்பூரில் சென்னை ஆவணக் காப்பகத்துக்குச் செங்கல் நிறத்தில் ஒரு பெரிய கட்டடம் எழுந்தது. 1911இல் ஹென்றி டாட்வெல் அதன் முதல் காப்பாளர் ஆனார். கோட்டையிலும் பல்வேறு அலுவலகங்களிலும் சிதறிக் கிடந்த ஏடுகள் ஓரிடம் சேர்ந்தன, அட்டவணைகள் அச்சாகின. வாசலில், வருகிறவர் பெயரைப் பதியும் பேரேடு வந்து உட்கார்ந்ததும் இந்தக் காலகட்டத்தில்தான். அதைக் குறையாக மட்டும் பார்த்தால் வரலாற்றுக்கு நியாயம் செய்தவர்களாக மாட்டோம். அதற்கு முன் ஒரு பழைய ஏட்டைப் பார்க்க வேண்டுமானால் ஓர் அதிகாரியின் தயவு வேண்டும். கால்டுவெல்லுக்குக் கிடைத்தது இன்னொருவருக்குக் கிடைக்காமல் போகலாம். விண்ணப்பம், பரிந்துரை, கையெழுத்து என்ற விதி வந்தபோது தயவு போய் நடைமுறை வந்தது. அது ஒரு முன்னேற்றம். ஆனாலும் வெள்ளைக்காரர் காலத்துக் காப்பகங்களில் ஆய்வாளர் எடுத்த குறிப்புகளையே அலுவலகம் சரிபார்த்துத்தான் வெளியே விட்டது. பார்க்க ஓர் அனுமதி, பார்த்ததை எடுத்துப் போக இன்னோர் அனுமதி. இன்றைய இணையதளம் ஒன்று 'வாசிக்கலாம், பதிவிறக்க மட்டும் உள்நுழையுங்கள்' என்று சொல்லும்போது அந்த இரட்டை அனுமதியின் நிழலைத்தான் பார்க்கிறோம்.

அந்தக் கட்டடத்தில் பேரேடு இருந்ததற்குக் காரணம் இருந்தது. உள்ளே இருப்பது ஒற்றைப் படி. கிழிந்தால் கிழிந்ததுதான், களவு போனால் போனதுதான். ஏட்டின் ஒரு தாளைக் காணோம் என்றால் கடைசியாக அதைக் கேட்டு வாங்கியவர் யார் என்று தெரிய வேண்டும். மூலத் தாளைத் தொடுகிற கைக்குப் பெயர் இருக்க வேண்டும் என்பதை இன்றும் நான் ஏற்கிறேன். கரிசல் மண்ணில் கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைத்திருப்பது எதனால்? ஒரு வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் இன்னொரு வயலுக்கு இல்லை என்பதனால்தான். மூலத் தாள் அந்தத் தண்ணீர் மாதிரி. அதன் நிழற்படக் கோப்பு அப்படிப்பட்டதல்ல. ஆயிரம் பேர் எடுத்துப் போனாலும் அது குறைவதில்லை, கிழிவதில்லை, அழுக்காவதில்லை. ஆகவே பேரேட்டை நியாயப்படுத்திய காரணம், கோப்பு உருவானபோதே விலகிவிட்டது.

ஆளைப் பார்த்துத் திறக்கும் கதவினால் நேர்ந்த இழப்பை 1950களின் சண்டையில் பார்க்கலாம். ம.பொ. சிவஞானம் கட்டபொம்மனை விடுதலைப் போரின் முன்னோடியாக எழுதினார். சக்தி கிருஷ்ணசாமியின் வசனத்தோடு நாடகம் வந்தது, 1959இல் பி.ஆர். பந்துலுவின் படம் வந்தது. சிவாஜி கணேசன் பேசிய வசனம் பாடப்புத்தகத்தைவிட ஆழமாக மக்கள் மனத்தில் பதிந்தது. கட்டபொம்மன் கொள்ளைக்காரன் என்று தமிழ்வாணன் புத்தகம் போட்டார். இரு தரப்பும் சான்று தேடி அடிக்கடி போய் நின்ற இடம் கால்டுவெல்தான். ஒருவர் ஒரு வரியை எடுத்தார், மற்றவர் அடுத்த வரியை எடுத்தார். அந்த வரிகளுக்குப் பின்னே முழுக் காகிதம் என்ன சொல்கிறது என்று பார்க்க வாசகருக்கு வழியில்லை. காப்பகங்களில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து ஏடுகளைப் படித்த கே. ராஜய்யனின் நூல்கள் 1970களின் தொடக்கத்தில் வந்தன. 1800-1801 கிளர்ச்சியை ஒரு தனி வீரனின் கதையாக இல்லாமல், மருது சகோதரர்கள், திண்டுக்கல் கோபால நாயக்கர், மலபார், மைசூர் வரை நீண்ட ஒரு கூட்டணியாக அவர் காட்டினார். வாதம் முடிந்துவிடவில்லை, ஆனால் அதன் தரம் மாறியது. 'வீரனா, கொள்ளைக்காரனா' என்ற இரட்டைக் கேள்வியிலிருந்து வரி, அதிகாரம், கூட்டணி என்ற கேள்விகளுக்கு அது நகர்ந்தது. காகிதத்தைத் திறந்தாலும் சண்டை ஓயாது என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: ஓய வேண்டியதில்லை, சண்டை போடுபவர்கள் ஒரே தாளைக் கையில் வைத்துக்கொண்டு போட்டால் போதும்.

இன்றைய நிலை இன்னும் விசித்திரமானது. கால்டுவெல்லின் 1881 நூலைப் பெயர் சொல்லாமலே எவரும் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். அவர் பகுதிகளைப் பொறுக்கி எடுத்த மூல ஏடுகள் எழும்பூரிலும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கின்றன; அங்கே வாசகர் அட்டை, அடையாளச் சான்று எல்லாம் வேண்டும். சுருக்கியவர் நூல் திறந்து கிடக்க, மூலம் வாசலில் பேர் கேட்கிறது. கயத்தாறு வட்டாரக் கல்லூரி மாணவர் ஒருவருக்கு இதன் விளைவு என்ன? கோவில்பட்டியில் இரவு ரயிலேறினால் காலையில் எழும்பூர், எதிரே காப்பகம். தூரம் பெரிய சிக்கல் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதம் இல்லாதவர், பட்ட ஆய்வில் சேராதவர், ஊர் வரலாறு எழுதும் ஆசிரியர், கூத்துக்காரர் இவர்களெல்லாம் 1881இல் ஒருவர் எடுத்த பகுதிகளையே இன்னும் மூலம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கதவு வாசகரை மட்டும் வடிகட்டுவதில்லை. எந்தப் பதிப்பு வரலாறாக நிலைக்கும் என்பதையும் அது தீர்மானிக்கிறது.

ஆளைப் பார்க்கும் கதவு கிராமத்திலும் இருந்தது. கணக்குப்பிள்ளையின் வீட்டுப் பெட்டியில் அடங்கலும் சிட்டாவும் இருந்தன. எந்தப் புல எண்ணைப் பற்றி யார் கேட்டார் என்பது அவருக்குத் தெரியும். பதவி பரம்பரையாக வந்ததால் அந்த அறிவும் ஒரு குடும்பத்துக்குள்ளேயே சேர்ந்தது. ஒருவர் எந்தத் தாளைத் தேடுகிறார் என்று தெரிந்தாலே அவர் என்ன வழக்குப் போடப் போகிறார் என்று யூகித்துவிடலாம். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர் அரசு கிராமக் கணக்கர் பதவிகளை ஒழித்தபோது பரம்பரை ஆதிக்கம் போனது பெரிதாகப் பேசப்பட்டது. கேட்டவர் பெயரைத் தெரிந்து வைத்திருப்பதும் ஓர் ஆதிக்கம் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. இன்று பட்டாவை இணையத்தில் பார்க்கக் கைபேசி எண் கொடுத்து, அதற்கு வரும் கடவு எண்ணைப் போட வேண்டியிருக்கிறது. பெட்டி மாறியிருக்கிறது; யார் எதைத் தேடினார் என்ற குறிப்பு முன்னைவிடத் துல்லியமாகவே சேர்கிறது.

இதற்கு மாறான ஒரு வழியும் நம் சட்டத்திலேயே நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. 1908ஆம் வருடப் பத்திரப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு சார்பதிவாளர் அலுவலகத்துப் புத்தகங்களை வகை பிரிக்கிறது. நிலம், வீடு போன்ற அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1ஆம் புத்தகத்தையும், பதிவு மறுத்த காரணங்கள் எழுதிய 2ஆம் புத்தகத்தையும் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கும் எவரும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில்கள் ஏறும் 3ஆம் புத்தகத்தில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை நகல் அவருக்கு மட்டும். இறந்தபின் கேட்பவருக்குத் தரலாம். பலவகைப் பத்திரங்களின் 4ஆம் புத்தகம் சம்பந்தப்பட்டவர்களுக்கே. வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான், ஆனாலும் இதில் ஒரு தெளிவு இருக்கிறது. கேட்பவர் படித்தவரா, பெரிய மனிதரா, ஆய்வாளரா என்ற கேள்வியே அதில் எழவில்லை. தாளில் இருப்பது என்ன, அது வெளியானால் யாருக்குப் பாதிப்பு என்பதை வைத்துத்தான் கதவுகள் வைத்தார்கள். ஊரார் ஏமாறாமல் இருக்க நிலத்தின் கணக்கு வெளிச்சத்தில் இருக்கட்டும், உயிரோடு இருப்பவரின் உயில் மறைவில் இருக்கட்டும். மாறாக 1993ஆம் வருடத்தின் பொது ஆவணச் சட்டம், 30 ஆண்டு கடந்த இரகசியமல்லாத ஆவணங்களை 'உண்மையான ஆய்வாளர்'களுக்குத் தரலாம் என்கிறது. யார் உண்மையானவர் என்ற கேள்வி அங்கே நுழைந்துவிடுகிறது. சுதந்திர இந்தியாவின் சட்டம் 1908ஐவிட ஒரு படி பின்னால் நிற்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. தேசிய ஆவணக் காப்பகம் 2015இல் தொடங்கிய 'அபிலேக் படல்' இணையதளம் வரவேற்க வேண்டிய பெரும்பணி. கோப்பைத் திறக்கப் பதிவு கேட்கும் பழக்கத்தை அது இந்த ஆய்வாளர் மரபிலிருந்துதான் பெற்றது.

பேர் கேட்காமலும் ஒழுங்கு காக்கலாம் என்பதற்குத் தமிழில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் முன்னெடுத்துத் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் வைத்தது. எடுத்துப் போகிறவர் யார் என்று அது கேட்கவில்லை. எடுத்துப் பரப்பலாம், நூலைத் தட்டச்சு செய்தவர், சரிபார்த்தவர் விவரம் உள்ள முகப்புப் பக்கத்தை மட்டும் நீக்காதீர்கள் என்றது. வாசகரின் அடையாளத்தைக் கோராமல் நூலின் அடையாளத்தைக் காக்கச் சொன்ன ஏற்பாடு அது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் ஆயிரக்கணக்கான அரிய நூல்களை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாசிக்கக் கொடுக்கிறது. கயத்தாற்றுக்குப் பக்கத்திலேயே இதற்கு முந்திய உதாரணமும் உண்டு. எட்டயபுரத்தில் பிறந்த பாரதியின் படைப்புரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்று, 1950களின் நடுவில் மக்களுக்குப் பொதுவாக்கியது. அதன்பின் மலிவுப் பதிப்புகளில் பாரதி போய்ச் சேர்ந்த வீடுகளின் கணக்கை எவரும் எடுக்கவில்லை, எடுக்க வேண்டிய தேவையும் வரவில்லை.

பதிவைக் கட்டாயமாக்குவோர் சொல்லும் காரணங்களில் முதலாவது செலவு. சர்வர் இலவசமல்ல, எல்லாரும் ஒரே நேரத்தில் இழுத்தால் தளம் படுத்துவிடும் என்கிறார்கள். இது உண்மை, அண்மையில் இன்னும் கடுமையாகியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் தானியங்கி நிரல்கள் நூலகத் தளங்களை அள்ளிக்கொண்டு போகின்றன. 2024 ஜனவரிக்குப் பின் படங்களையும் ஒலி, ஒளிக் கோப்புகளையும் இறக்குவதால் ஏற்படும் சுமை 50 விழுக்காடு கூடியதாக விக்கிமீடியா நிறுவனம் 2025இல் தெரிவித்தது. கோப்பு குறையாது, அதைக் கொண்டுவரும் குழாய் குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழாயைக் காக்க வேகத்துக்கு வரம்பு வைக்கலாம், ஒரு மணி நேரத்துக்கு இத்தனை கோப்பு என்று அளவு வைக்கலாம். நிரலுக்குப் பொய் மின்னஞ்சல் உருவாக்கத் தெரியும். பெயர் கேட்பதால் தடைபடுவது பெரும்பாலும் மனிதர்தான். இரண்டாவது காரணம் கணக்கு. நிதி தரும் அரசுக்கோ அறக்கட்டளைக்கோ எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று காட்ட வேண்டும். எத்தனை பேர் என்பதற்கு எண்ணிக்கை போதும், பெயர்ப்பட்டியல் வேண்டாம்.

இன்னொரு எதிர்வாதத்தை இவ்வளவு லேசாகத் தள்ள முடியாது. தென்மாவட்டங்களில் சாதியின் காயம் ஆறாதது. கம்பெனிக் காலத்து ஏடுகளில் ஒவ்வொரு சாதியைப் பற்றியும் அதிகாரிகள் எழுதிய வசை நிறைய உண்டு. யார் யாரைக் காட்டிக்கொடுத்தார் என்ற பழியும் உண்டு. எட்டயபுரம் பாளையக்காரரின் பெயரையே துரோகத்துக்கு ஈடாக வசைச்சொல்லாக்கிவிட்ட வட்டாரம் இது. அந்தத் தாள்களைக் கட்டுப்பாடில்லாமல் விட்டால் யாராவது ஒரு பக்கத்தைக் கிழித்து நெருப்பு மூட்டமாட்டார்களா? மூட்டலாம். ஆனால் பதிவு அதைத் தடுக்குமா என்றால், தடுக்காது. பதிவு செய்த ஒருவர் இறக்கிய பக்கம் ஒரு மணி நேரத்தில் வாட்ஸ்அப் குழுக்கள் நூறில் சுற்றும். அதைப் பெற்றவர்கள் முன்பின் பக்கங்களைப் பார்க்க நினைத்தால் அவர்கள்தான் வாசலில் நிறுத்தப்படுவார்கள். கிழித்த பக்கம் தடையின்றிப் பரவ, முழுத் தாள் காத்திருக்கும். 1950களில் கால்டுவெல்லின் வரிகளை வைத்து நடந்த சண்டையில் குறைபட்டதும் இந்த முழுத் தாள்தான். பொய்ப்படி பரவும் என்ற அச்சத்துக்கும் தீர்வு இதிலேயே இருக்கிறது: ஏட்டின் எண், பக்க எண், காப்பகத்தின் பெயர் ஆகியவை ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் இருந்து, மூலமும் எவரும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி திறந்திருந்தால் திருத்தியவர் சீக்கிரம் அகப்படுவார்.

பதிவு செய்ய இரண்டு நிமிடம்தானே, இலவசம்தானே என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. இரண்டு நிமிடம் என்பது கடவுச்சொல் மறக்காதவருக்கு. அதைவிட, கொடுத்த பெயர் எங்கே போய் எத்தனை காலம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு ஆளானது. பட்டியலே பல மாதம் முடங்கியது, அருகிவரும் ஆவணங்களைப் படமெடுத்து வைத்திருந்த அதன் தளமும் சேர்ந்து முடங்கியது, திருடப்பட்ட தனிநபர் விவரங்கள் வெளியிடப்பட்டன. மறுவருட அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவின் பயனர் கணக்குகள் 3 கோடியே 10 லட்சம் அளவுக்குக் களவு போயின. நூல்களைக் காக்கும் நிறுவனங்களிடம் திருடர்களுக்குக் கிடைத்தது வாசகர் விவரங்கள். சேர்க்காமல் விட்ட பட்டியலைத் திருட முடியாது. 2023இன் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட, சொன்ன நோக்கத்துக்குத் தேவையான விவரத்துக்கு மேல் கேட்கலாகாது என்ற கொள்கையில்தான் எழுந்தது.

கதவு இருக்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. ஒரு குடும்பம் தன் ஓலைச்சுவடிகளையோ கடிதங்களையோ படமெடுக்கக் கொடுக்கும்போது, ஆய்வுக்கு மட்டும் என்று நிபந்தனை வைத்தால் அதைக் காப்பது நம்பிக்கைக் கடன். அதை மீறினால் அடுத்த வீட்டுப் பெட்டி திறக்காது. உயிரோடு இருப்பவர்களின் மருத்துவம், வழக்கு, கடன் பற்றிய கோப்புகள் 4ஆம் புத்தகத்தின் இனம். காப்புரிமை இருக்கும் நூல்களும் அப்படியே. கோவில்பட்டிக்கும் கயத்தாற்றுக்கும் இடையே இடைசெவலில் பிறந்து கரிசல் பேச்சுக்கு அகராதி தொகுத்த கி. ராஜநாராயணன் 2021இல் மறைந்தார். 60 ஆண்டுக் காப்புரிமை அவர் எழுத்துக்கு உண்டு. அதை இலவசமாக இறக்கித் தருகிறவர் வாசகருக்கு நன்மை செய்வதாகச் சொல்லிக்கொண்டு எழுத்தாளர் குடும்பத்தின் வருமானத்தில் கை வைக்கிறார். இந்த மூன்று இனத்திலும் தடைக்குக் காரணம் தாளின் தன்மையிலிருந்து வருகிறது, அந்தக் காரணத்தைத் தளத்தின் முகப்பிலேயே எழுதிப் போடவும் முடியும்.

1799ஆம் வருடக் கடிதத்துக்கு அப்படி எந்தக் காரணத்தை எழுதிப் போடுவது? எழுதியவர், எழுதப்பட்டவர், கூட்டி வைக்கப்பட்டவர்கள் எவரும் இல்லை. காப்புரிமை இல்லை. இரகசியம் காக்க வேண்டிய கம்பெனியே இல்லை. 2005ஆம் வருடத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மனுதாரரிடம் காரணம் கேட்கலாகாது, பதில் அனுப்பத் தொடர்புகொள்ளத் தேவையான விவரத்துக்கு மேல் எந்தத் தனி விவரமும் கேட்கலாகாது என்கிறது. தபாலில் பதில் போக முகவரி வேண்டும், சரி. பதிவிறக்கத்தில் கோப்பு, கேட்டவர் திரைக்கு அந்த நொடியே வந்துவிடுகிறது. எங்கே அனுப்புவது என்ற கேள்வியே அங்கே இல்லாதபோது, நேற்றைய அரசுக் கோப்பைத் தபாலில் கேட்கும் ஒருவரிடம் சட்டம் கேட்கக் கூடாது என்று விலக்கி வைத்த விவரங்களை, 225 ஆண்டுப் பழைய கடிதத்தைப் பார்க்க வந்தவரிடம் ஓர் இணையதளம் கேட்பதற்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்பதைக் காப்பகங்கள்தான் சொல்ல வேண்டும்.